பழைய மகிழுந்தின் நாடித்துடிப்பு

மலேசியாவின் முதல் தேசிய மகிழுந்தான புரோட்டோன் சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்டது. ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு ஷா ஆலாம் தொழிற்சாலையில் அது உருவானது. சிவந்த விதைகளை உதிர்க்கும் சாகா மரத்தின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தமிழில் அம்மரத்தை ஆனைக்குன்றிமணி என்பர். அன்று பல குடும்பங்களுக்கு அதுவே முதல் மகிழுந்து. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், தீபாவளிக்குப் பாட்டி வீடு எனக் குடும்பத்தின் எல்லாப் பயணங்களையும் அது சுமந்தது.

40 ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்தப் பெட்டி வடிவ மகிழுந்துகளுள் பெரும்பாலானவை சாலையைவிட்டு மறைந்துவிட்டன. எனினும், சில வீட்டு முற்றங்களில் இன்றும் ஒரு சாகா பளபளவென்று நிற்பதைக் காணலாம். தாத்தா வாங்கியதைப் பேரன் ஓட்டுகிறான். வாரக் கடைசியில் இருவரும் அதன் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து ஏதோ தேடுகிறார்கள். அவர்கள் தேடுவது என்ன? அந்தத் தேடல் சரியாக அமைந்தால் வண்டி இன்னும் பல ஆண்டுகள் ஓடும். தவறாக அமைந்தால் பணம் வீணாகும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவே, பழைய மகிழுந்தை வீட்டிலேயே பராமரிக்க விரும்புவோர் அதன் செயல்பாட்டையும், பழுதைக் கண்டறியும் முறையையும், தம் எல்லையையும் அறிந்திருப்பது இன்றியமையாதது.

இயந்திரத்தின் மூன்று தேவைகள்

புதிய மகிழுந்துகளில் கணினி இருக்கிறது. ஏதேனும் கோளாறு ஏற்பட்டால் ஓட்டுநரின் முன்னால் ஒரு விளக்கு எரியும். பட்டறையில் ஒரு கருவியைப் பொருத்தினால் பழுதின் குறியீட்டு எண் தெரியும். முதல் தலைமுறை சாகாவில் இத்தகைய வசதி இல்லை. அதன் பழுதை ஓசை, மணம், நிறம், அதிர்வு ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும். இது குறையாகத் தோன்றினாலும், கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு இதுவே நிறையாகும். கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் புரிந்துகொள்ளக்கூடிய இயந்திரம் அது.

பெட்ரோல் இயந்திரம் ஓடுவதற்கு மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்த கலவை. எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் இருந்தால் எரிதல் முழுமையாக நடைபெறும். பழைய சாகாவில் இந்தக் கலவையைக் கார்புரேட்டர் எனும் கருவி தயாரிக்கிறது. இரண்டாவது, உரிய நேரத்தில் தோன்றும் தீப்பொறி. மின்கலத்தின் 12 வோல்ட் மின்னழுத்தத்தை இக்னிஷன் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிபியூட்டர் அதனை நான்கு உருளைகளுக்கும் முறைப்படி பகிர்ந்தளிக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் நுனியில் பொறி பறக்கிறது. மூன்றாவது, அழுத்தம். உருளைக்குள் பிஸ்டன் மேலேறும்போது கலவை நன்றாக அமுக்கப்பட வேண்டும். வால்வுகளோ பிஸ்டன் வளையங்களோ தேய்ந்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடும்.

கலவை, பொறி, அழுத்தம் ஆகிய இம்மூன்றுள் ஒன்று குறைந்தாலும் இயந்திரம் திணறும் அல்லது நின்றுவிடும். எனவே, பழுது எதுவாயினும் ‘இம்மூன்றுள் எது குறைகிறது?’ என்னும் கேள்வியிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

வருமுன் காத்தல்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பழமொழி. பழைய மகிழுந்துக்கு அது மிகவும் பொருந்தும். வாரம் ஒருமுறை பத்து நிமிடம் செலவிட்டால் பெரும்பாலான தொல்லைகளைத் தவிர்த்துவிடலாம்.

காலையில் இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, சமதரையில் வண்டியை நிறுத்தி எண்ணெயின் அளவைப் பார்க்க வேண்டும். அளவுகோலில் உள்ள இரு கோடுகளுக்கு இடையே எண்ணெய் இருப்பது நலம். பொதுவாக, சாதாரண எண்ணெயைப் பயன்படுத்துவோர் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதனை மாற்றுகின்றனர். வண்டி குறைவாக ஓடினாலும் எண்ணெய் காலப்போக்கில் தன் தரத்தை இழக்கும். ஆதலால், ஆறு மாதத்திற்கு ஒருமுறையாவது மாற்றுவது நன்று.

அடுத்து, ரேடியேட்டரின் நீர்மட்டம், பிரேக் எண்ணெயின் மட்டம், சக்கரங்களின் காற்றழுத்தம் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். மின்கலத்தின் முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ தூள் படிந்திருந்தால், சமையல் சோடா கரைத்த நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். முனைகளைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதனைக் கடைசியாக மாட்ட வேண்டும். திருகுக்குறடு தவறுதலாக வண்டியின் உலோக உடலைத் தொட்டாலும் மின்சுற்று ஏற்பட்டுப் பொறி பறக்காமல் இருக்க இந்த வரிசை உதவுகிறது.

ஓடும் தூரத்தைக் காட்டிலும் வயதால் கெடும் பாகங்களும் உள்ளன. ரப்பர்க் குழாய்களும் பட்டைகளும் அத்தகையவை. மலேசியாவின் வெப்பத்தில் அவை இறுகி, வெடித்து, பிசுபிசுக்கத் தொடங்கும். குறிப்பாக, டைமிங் பெல்ட் எனப்படும் பற்பட்டை அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். பல வகை இயந்திரங்களில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடுவதும் உண்டு. பழைய வண்டியை வாங்கியவருக்கு அந்தப் பட்டை எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், முதல் வேலையாக அதை மாற்றுவதே அறிவுடைமை.

துருவும் மறைமுகப் பகையாகும். மழை மிகுந்த நாட்டில் கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளை இலையும் மண்ணும் அடைத்துவிடும். நீர் உள்ளேயே தங்கும். வெளியே பளபளப்பாக இருக்கும் வண்டி உள்ளே மெல்ல அரிக்கப்படும். அத்துளைகளைச் சிறு குச்சியால் சுத்தம் செய்வதற்குச் செலவு ஏதுமில்லை. கால்விரிப்பைத் தூக்கி, தரையில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பழக்கம்.

சாவியைத் திருப்பியும் ஓடவில்லை என்றால்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவருக்கு ஒரு முறையைக் கற்பிக்கிறது. நோய் இன்னது என்று முதலில் தெளிய வேண்டும். பின் அதன் காரணத்தை அறிய வேண்டும். அதன் பிறகே தீர்க்கும் வழியைத் தேர்ந்து செயல்பட வேண்டும். இயந்திரத்தைப் பழுதுபார்ப்பவருக்கும் இதைவிடச் சிறந்த அறிவுரை இல்லை.

காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி உயிர்பெறவில்லை என்று வைத்துக்கொண்டால், முதலில் கேட்க வேண்டியது ஓசையை. ‘டக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு இயந்திரம் சுழலாமல் இருந்தால், முன்விளக்கை எரியவிட்டு மீண்டும் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மிகவும் மங்கினால் மின்கலத்தின் ஆற்றல் குறைந்திருக்கலாம் அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமல் பிரகாசமாகவே எரிந்தால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் சென்று சேரவில்லை என்று கருத இடமுண்டு.

மின்னளவி ஒன்று கையில் இருந்தால் ஐயம் இன்னும் எளிதில் தீரும். ஓய்வில் இருக்கும் நல்ல மின்கலம் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது அந்த அளவு 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயரவில்லையெனில் குற்றம் மின்கலத்தில் இல்லை. அதற்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரிலோ அதன் பட்டையிலோ இருக்கிறது. இதை அறியாதவர் புதிய மின்கலம் வாங்குவார். சில நாள்களில் அதுவும் ஓய்ந்துவிடும்.

இயந்திரம் விரைவாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், அடுத்து மூக்கைப் பயன்படுத்த வேண்டும். பெட்ரோல் நெடி கடுமையாக வீசினால், தேவைக்கு மேல் எரிபொருள் இறங்கி ஸ்பார்க் பிளக்குகள் நனைந்திருக்கும். சில நிமிடங்கள் காத்திருந்து, முடுக்கியை முழுவதுமாக மிதித்தபடியே சாவியைத் திருப்பினால் அதிகக் காற்று உட்சென்று கலவை சீராகும். பெட்ரோல் நெடியே இல்லையென்றால், எரிபொருள் வந்து சேரவில்லை. எண்ணெய்த் தொட்டி, வடிகட்டி, குழாய் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் அடைமழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் வண்டி அடம்பிடித்தால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியினுள் ஈரம் கோத்திருக்க வாய்ப்பு அதிகம். சாவியை எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினாலே பல வேளைகளில் தொல்லை தீர்ந்துவிடும்.

அவசரம் விழுங்கும் பணம்

பதறாத காரியம் சிதறாது. பழுது பார்ப்பதில் பெரிய எதிரி அவசரமே. ஒரு நிலையைச் சான்றாகக் காட்டலாம். சாலைச் சந்திப்பில் நிற்கும்போது இயந்திரம் நடுங்குகிறது. சில வேளைகளில் நின்றும் விடுகிறது. உரிமையாளர் நண்பர் சொன்னதைக் கேட்டு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றுகிறார். பயன் இல்லை. மற்றொருவர் சொன்னதைக் கேட்டு இக்னிஷன் காயிலை மாற்றுகிறார். அதிலும் பயன் இல்லை. கார்புரேட்டரின் திருகுகளையும் திருப்பிப் பார்க்கிறார். இப்போது நடுக்கத்தோடு கரும்புகையும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில், இயந்திரம் ஓடும்போது ‘உஸ்’ என்று மெல்லிய ஓசை கேட்கும் இடத்தைத் தேடினால், ஒரு சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாயில் வெடிப்பு இருப்பது தெரிகிறது. அதன் வழியே அளவுக்கு மீறிய காற்று உட்புகுந்து கலவையைக் கெடுத்திருக்கிறது. சில ரிங்கிட்டில் தீரவேண்டிய பழுதுக்குச் சில நூறு ரிங்கிட் செலவாகிவிட்டது. மேலும், திருப்பிவிட்ட திருகுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வேலையும் புதிதாக முளைத்திருக்கிறது.

இதிலிருந்து மூன்று விதிகளைக் கற்கலாம். செலவில்லாத சோதனையை முதலில் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். எதையும் கழற்றுவதற்கு முன் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இன்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டாலே போதும்.

சூடேறும் இயந்திரம்

பழைய மகிழுந்துகளை அழிக்கும் பழுதுகளுள் முதன்மையானது அளவுமீறிய வெப்பம். சாகாவின் இயந்திரத்தின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. அது மிகையாகச் சூடேறினால் வளைந்துவிடும். இடையிலுள்ள கேஸ்கட் எனும் தகடு சேதமடையும். வெப்பமானியின் முள் சிவப்புப் பகுதியைத் தொட்ட பின்னரும் ‘வீடு பக்கம்தானே’ என்று ஓட்டிச் சென்றால், அந்தச் சிறு தொலைவே இயந்திரத்தைப் பாழாக்கக்கூடும்.

வெப்பம் எப்போது ஏறுகிறது என்பதைக் கவனித்தாலே காரணம் பாதி விளங்கிவிடும். நெரிசலில் நிற்கும்போது மட்டும் முள் ஏறி, நெடுஞ்சாலையில் ஓடும்போது இறங்கினால், மின்விசிறியை ஐயுற வேண்டும். ஓடும் வண்டிக்கு எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நிற்கும் வண்டிக்கு விசிறி ஒன்றே துணை. மாறாக, நெரிசலில் தாக்குப்பிடித்து, கேமரன் மலை போன்ற ஏற்றங்களிலும் நெடுஞ்சாலையிலும் முள் ஏறினால், ரேடியேட்டரின் உட்குழாய்கள் அடைபட்டிருக்கலாம் அல்லது நீரேற்றி பலவீனமாக இருக்கலாம். ஓடத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே முள் வேகமாக ஏறினால், நீர் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் எனும் வெப்பக்கதவு திறவாமல் சிக்கியிருக்கலாம்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. உள்ளே நீர் அழுத்தத்தில் இருப்பதால் 100 பாகை செல்சியசைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்ததும் அழுத்தம் சட்டென்று குறைந்து, நீர் ஒரே கணத்தில் ஆவியாகி முகத்தில் பீறிட்டு அடிக்கும். வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, நன்றாகக் குளிரும்வரை காத்திருப்பதே ஒரே வழி. கொதிக்கும் இயந்திரத்தின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியால் உலோகத்தில் விரிசல் விழலாம். விசிறியை ஆராயும்போதும் கவனம் தேவை. சில மகிழுந்துகளில் இயந்திரம் நின்ற பிறகும் அது தானாகச் சுழலத் தொடங்கும்.

புகை சொல்லும் செய்தி

மருத்துவர் நாக்கைப் பார்ப்பதுபோல, அனுபவமுள்ளவர் புகைபோக்கியையும் ஸ்பார்க் பிளக்கையும் பார்ப்பார். நீலப் புகை வந்தால் இயந்திர எண்ணெய் எரிகிறது என்று பொருள். கரும்புகை வந்தால் கலவையில் பெட்ரோல் மிகுதி. குளிர்ந்த காலை வேளையில் சிறிது வெண்ணிற ஆவி தோன்றி மறைவது இயல்பு. இயந்திரம் சூடான பிறகும் இனிப்பான மணத்தோடு வெண்புகை தொடர்ந்தால், குளிர்நீர் உருளைக்குள் கசிகிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பாலாடை போன்ற படலம் திரண்டு, குளிர்நீரும் காரணமின்றிக் குறைந்துகொண்டே வந்தால் அந்த ஐயம் வலுப்பெறும்.

பிளக்கின் நுனி வெளிர்பழுப்பாக இருந்தால் எரிதல் நன்றாக நடைபெறுகிறது. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பசை இருந்தால் உள்பாகங்கள் தேய்ந்துள்ளன. வெண்மையாகக் கொப்புளித்திருந்தால் கலவையில் காற்று மிகுந்து வெப்பம் கூடியுள்ளது. நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டால், எந்த உருளை நோயுற்றிருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

எல்லையை அறிதல்

ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது. வீட்டில் செய்யத்தக்க வேலைகளும் உண்டு. தேர்ந்த வல்லுநரிடம் ஒப்படைக்க வேண்டிய வேலைகளும் உண்டு. எண்ணெய் மாற்றுதல், வடிகட்டி மாற்றுதல், பிளக் சுத்தம் செய்தல், மின்முனைகளைத் துடைத்தல் போன்றவற்றைப் பெரியவர்களின் துணையோடு இளையோரும் கற்கலாம். பிரேக்கும் திசைமாற்றியும் அப்படிப்பட்டவை அல்ல. இயந்திரம் பழுதானால் வண்டி நிற்கும். பிரேக் பழுதானால் வண்டி நிற்காது. அந்த வேறுபாட்டில் வண்டியில் இருப்பவரின் உயிர் மட்டுமன்றி, சாலையில் நடப்பவரின் உயிரும் அடங்கியிருக்கிறது. பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் சேர்ந்த எண்ணெய் மலைச்சாலையின் தொடர் இறக்கத்தில் கொதித்து, மிதிக்கட்டையைச் செயலற்றதாக்கிவிடும். பொதுவாக, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் பட்டறையில் மாற்றுவது பாதுகாப்பானது. பழைய பிரேக் பட்டைகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றின் தூசியை ஊதக் கூடாது.

பளுதூக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் நுழைவது பெருந்தவறு. உறுதியான தாங்கிகளைப் பொருத்திய பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். மூடிய இடத்தில் இயந்திரத்தை ஓடவிடக் கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உயிரைப் பறிக்கும். பெட்ரோல் கசியும் இடத்தில் சிறு நெருப்பும் ஆகாது. கழற்றிய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது ஆற்றைச் சேரும். அதனைக் கலனில் அடைத்து, பழைய எண்ணெயைச் சேகரிக்கும் பட்டறையில் ஒப்படைப்பது ஒவ்வொருவரின் கடமை.

ஏடு ஒன்று, தலைமுறை இரண்டு

பழைய மகிழுந்தைப் பேணுவோர் பலர் வண்டியிலேயே ஒரு குறிப்பேட்டை வைத்திருப்பர். எந்த நாளில், எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தப் பாகம் மாற்றப்பட்டது. எந்த ஓசை எப்போது தொடங்கியது. அதற்குக் காரணம் யாது என அனைத்தும் அதில் இடம்பெறும். கணினி இல்லாத வண்டிக்கு அந்த ஏடே நினைவாற்றல். தாத்தாவின் கையெழுத்தில் தொடங்கும் பக்கங்கள் பேரனின் கையெழுத்தில் தொடரும்போது, அந்த ஏட்டின் மதிப்பு வண்டியின் விலையையும் விஞ்சிவிடுகிறது.

எல்லாப் பழைய மகிழுந்துகளையும் காப்பாற்றிவிட முடியாது. அடித்தட்டு துருவால் அரிக்கப்பட்டு உறுதி இழந்த வண்டியைச் சாலையில் ஓட்டுவது பாசமன்று, ஆபத்து. ஆயினும், காப்பாற்றத்தக்க ஒன்றைக் கவனமின்மையால் இழப்பது வருந்தத்தக்கது. கெட்டுப்போனதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எளிதாகிவிட்ட காலம் இது. இக்காலத்தில், ஒரு பொருள் ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று பொறுமையோடு ஆராய்ந்து அதை மீண்டும் இயங்கச் செய்யும் பழக்கம் அரிய கல்வியாகும். காரணத்தைத் தேடும் அந்தப் பழக்கம் மகிழுந்தின் முன்மூடியோடு நின்றுவிடுவதில்லை. அது வாழ்க்கை முழுவதற்கும் துணை நிற்கும்.